ஒற்றைப்படை

வெயில் மூன்றாவது தடவையாக முழங்காலுக்கு வந்தது. முதலில் ஜன்னலோரப் பெண்ணின் வளையல்களில் விழுந்து, அவள் மடியைத் தாண்டி, கைப்பிடியில் ஏறி இறங்கி, சோணைமுத்துவின் வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. பிறகு அந்தப் பக்கம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த பருத்த மனிதரின் வயிற்றின் மேல் ஏறி மறைந்தது. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். கைக்கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. அது தினமும் இரண்டு நிமிடம் முந்திப் போகும், காலையில் சரிசெய்ய மறந்துவிட்டது, ஆகவே பத்து பத்து. பம்பாய்க்கு மேலே வந்துவிட்டதாகத்தான் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல் இங்கிலீஷில் பேசியது, பிறகு இந்தியில் பேசியது, இரண்டிலும் அவருக்குப் பிடிபட்டது பம்பாய் என்ற பெயர் மட்டும்தான். அந்தப் பெண்தான் கேட்காமலே திரும்பிச் சொன்னாள். “கீழ பலமா மழையாம்யா. எறங்க எடம் கெடைக்கிற வரைக்கும் மேலயே சுத்துவாங்களாம்.” அவர் தலையை மட்டும் ஆட்டினார். எத்தனை சுற்று என்று கேட்க வாய் வந்து நின்றுவிட்டது. அறுபது வருஷம் வெற்றிலை எண்ணிய வாய், எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் சத்தமாகச் சொல்லிப் பழகாத வாய். பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும். புதன்கிழமை. அதற்குள் தங்கச்சி தலையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழ வேண்டும். பத்து பத்திலிருந்து பன்னிரண்டுக்கு நூற்றுப்பத்து நிமிடம். ஒரு கவுளியும் பத்து வெற்றிலையும். நூறு வெற்றிலை அடுக்கினால் ஒரு கவுளி, அதற்கு அடையாளமாக ஒரு வெற்றிலையைக் குறுக்கே வைப்பார், அடுத்ததைத் தொடங்குவார். நிமிடத்தை அப்படி அடுக்கி வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும். அழுகினதையும் ஓட்டை விழுந்ததையும் கழித்துவிடலாம். இந்த மூன்று சுற்றையும் கழித்துவிடலாம்.

தலைக்கு மேலே சாமான் வைக்கிற பெட்டி மூடியிருந்தது. அதற்குள்ளே பை. பைக்குள்ளே சேலை. சோழவந்தான் கடையில் எடுத்தது. என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டார், கோடி என்று சொல்ல நாக்கு எழாமல் சும்மாதான் என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கிற படம் போட்ட பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பையோடுதான் வந்திருக்கிறார். மடியிலேயே வைத்திருந்தார். ஏறும்போது பணிப்பெண் வந்து பையைக் காலடியில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். கோடியைக் காலடியில் வைப்பதா. அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் சிரித்தபடி வாங்கி மேலே வைத்துவிட்டாள். வைத்தது வைத்தாள், இந்தப் பெண்ணின் பைக்கு மேலே வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தார், சொல்ல முடியவில்லை. இந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் வாசம் போகாத புதுக் கயிறு. கை நிறைய வளையல். கல்யாணமாகி ஒரு மாதம் இருக்காது. அவள் பையில் முகூர்த்தப் புடவை இருக்கலாம், சீர்ச் சாமான் இருக்கலாம், அதன் தலையில் ஒரு அறுதலிக் கோடி ஏறி உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள். முகம் சுருங்கும். எழுந்து வேறு இடம் கேட்பாள். கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் தெரியாமல் இருக்கிறாளே, அதுதான் குத்துகிறது. தெரியாத ஆளின் கட்டுக்குள் கிழிந்த வெற்றிலையைச் செருகி விற்பது மாதிரி. அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை.

நான்காவது சுற்று. வெயில் வளையலுக்கு வந்தது. பதினாறு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தந்திக்கம்பிகள் மாதிரி ஏதோ ஓடுகிறது. தங்கச்சி வீட்டுக்காரர் இருளப்பன் போன செய்தி மத்தியானம் வந்தது. சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். கிளம்பக்கூட முடியவில்லை. அதனால் கருமாதிக்கு எப்படியும் போய்விடுவது, முறையாகப் போவது என்று முடிவு செய்தார். பிறந்த வீட்டுக் கோடி கூட்டத்தோடு போக வேண்டும், ஒற்றைப்படையாகப் போக வேண்டும். ஏழு பேருக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். அவர், மூத்த அண்ணன் மக்கள் இரண்டு பேர், நடு அண்ணன் மகன், அவன் பெண்டாட்டி, பங்காளி வீட்டில் இரண்டு பேர். ஏழு. சரியான ஏழு. அப்புறம் வடக்கே தண்டவாளத்தில் வெள்ளம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். செய்தி வந்தபோது ஆறு பேரும் அவர் வீட்டு முற்றத்தில்தான் இருந்தார்கள். அடடா என்றார்கள். என்ன செய்வது சித்தப்பா என்றார்கள். அந்த ஆறு முகத்திலும் தோளில் இருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு தளர்வு வந்தது. அவர் அதையும் எண்ணிவிட்டார். ஆறு. எண்ணாமல் இருந்திருக்கலாம். எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. தங்கச்சி மகன் தவமணி பம்பாயிலிருந்து போனில், “ப்ளைட்ல ஒரே ஒரு சீட்டுத்தான் இருக்கு மாமா, போடவா?” என்றான். போடு என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு அத்தனை வேகமாகப் பதில் சொன்னதில்லை. பிறகுதான் தோன்றியது, ஒன்று. ஒன்று ஒற்றைப்படையா. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒன்று, மூன்று, ஐந்து என்றுதான் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு சரி. அந்தக் கணக்கில் ஒன்று சேரும். முறைக் கணக்கில் சேராது. ஒற்றை ஆளாகக் கோடி கொண்டு வருகிறவனைப் பார்த்து, பிறந்த வீட்டில் யாரும் இல்லையா என்றுதான் சனம் கேட்கும். தாராவியில் அந்தச் சந்தில் எல்லோரும் நம்ம பக்கத்துச் சனம். முறை தெரிந்த சனம். பாப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்குப் பாப்பாதான். சேலை விழும்போது நிமிர்ந்து எத்தனை பேர் என்று பார்ப்பாள். அவரைப் பார்ப்பாள். பின்னால் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

“ரயிலு இல்லேன்னா விடுண்ணே. நீ அலையாத. இங்க யாராச்சும் ஒரு சேலை எடுத்துப் போட்டுருவாக.” அவளே போனில் சொன்னாள். யாராச்சும். அந்தச் சொல்லில்தான் அவர் இரண்டு நாளாகச் சிக்கிக் கிடக்கிறார். நான்கு அண்ணன் தம்பிக்கு ஒரே தங்கச்சி. இரண்டு அண்ணன்மார் போய்விட்டார்கள், தம்பி சின்ன வயதிலேயே போய்விட்டான், மிச்சம் இவர். யாராச்சும் என்று அவள் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. ஐந்தாவது சுற்று வந்துவிட்டதா. வெயில் எங்கே. இல்லை, இன்னும் வரவில்லை. தொடையெல்லாம் மரத்துவிட்டது. பாத்ரூம் போக வேண்டும் என்று ஒரு மணி நேரமாக இருக்கிறது, அந்தக் கதவை எப்படித் திறப்பது, எப்படிப் பூட்டுவது, உள்ளே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது. பருத்தவரை எழுப்ப வேண்டும். எழுப்பினால் ஏன் என்று பார்ப்பார். அடக்கிக்கொண்டார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலில் வானம் போய் மேகம் வந்தது, அடைத்த பஞ்சு மாதிரி, அதற்குக் கீழே எங்கேயோ மழை, மழைக்குக் கீழே தாராவி, அங்கே ஒரு வீட்டில் பதினாறாம் நாள். விழுந்தால் என்ன ஆகும். விழுந்தால் சேலையும் போய்ச் சேராது. பயம் அவ்வளவுதான், அதற்கு மேல் பயப்படத் தெம்பில்லை.

“சாப்பிடுங்கய்யா.” அந்தப் பெண் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அதிரசம். நெய் மணம். கல்யாணப் பலகாரம். வேண்டாம் தாயி என்றார். “காலையில இருந்து தண்ணிகூடக் குடிக்கலையே நீங்க. ஒண்ணு எடுத்துக்கங்க.” வேண்டாம். “சக்கரையாய்யா?” இல்லை. “அப்ப எங்க வீட்டுப் பலகாரம் வேணாமாக்கும்.” அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் டப்பாவை மூடும்போது வளையல் சத்தம் மாறிவிட்டது. துக்கத்துக்குக் கோடி கொண்டு போகிறவன் புதுப்பெண் கையால் இனிப்பு வாங்கக் கூடாது. அவளுக்காகத்தான் வாங்கவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும். இப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் பேர் ரூபாதேவி, ஊர் சின்னமனூர், மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை, அவர் ஒன்பதாம் வரிசையில் இருக்கிறார், பம்பாய்க்கு இப்போதுதான் முதல்தடவை போகிறாள். இதையெல்லாம் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அவளாகவே சொல்லியிருந்தாள். அவர் தன் பேரைக்கூடச் சொல்லவில்லை. ஐந்தாவது வெயில் வந்து அவள் தோளில் விழுந்தது. திரும்பாத தோள். ஒருத்தி மனசை இன்றைக்கு நோகடித்தாகிவிட்டது. இன்னொருத்தியைப் பன்னிரண்டு மணிக்கு. இல்லை, இப்படியே போனால் பன்னிரண்டுக்கு மேலும் இதே மேகத்தைத்தான் சுற்றிக்கொண்டிருப்போம். வாய் தானாகத் திறந்தது. “கோடி கொண்டு போறேன் தாயி” என்றார். அவள் திரும்பினாள். “தங்கச்சி வீட்டுக்காரர் தவறிட்டாரு. இன்னைக்குக் கருமாதி. அதான் வாங்கலை. ஒம் பை மேல வேற அதை வச்சிட்டாக. சொல்லணும்னு பாத்தேன், சொல்ல வரலை.” சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. “இருக்கட்டும்யா. என் பையில என்ன இருக்கு, மூணு கிலோ முறுக்கு” என்றாள். பிறகு, “எங்கப்பா செத்தப்ப எங்க மாமா வரலை” என்றாள். ரொம்ப மெதுவாக, டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஏதோ வயல் தகராறு. வந்துருவாரு வந்துருவாருன்னு அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நேரம் போச்சு. அப்புறம் எதுத்த வீட்டு அக்காதான் ஓடிப்போய் ஒரு சேலை எடுத்தாந்து போட்டுச்சு. அந்தச் சேலைய அம்மா கட்டவே இல்ல. மடிப்புப் பிரிக்காம இருக்கு.” எத்தனை வருஷமாக என்று அவர் கேட்கவில்லை. “எத்தனை மணிக்குள்ளய்யா போகணும்?” என்றாள். பன்னிரண்டு என்றார். “கூட யாரு வந்துருக்காக?” அவர் தலையை ஆட்டினார். யாரும் இல்லை என்பதற்கு ஒரு ஆட்டல். அவளுக்குப் புரிந்தது, முறை தெரிந்த வீட்டுப் பெண். அப்போதுதான் இந்தப் பக்கம் தூங்குகிற வாய் பேசியது. “பத்தே முக்காலுக்கு எறங்கினாலும் நேரம் பத்தாது பெருசு.” கண் மூடியபடியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆரோக்கியசாமி என்று பேர் சொன்னார், திண்டுக்கல், குர்லாவில் டயர்க் கடை, இருபத்தாறு வருஷமாகப் போய் வருகிறவர். “வண்டி நின்னதும் என்ன நடக்கும்னு கேளுங்க. ஒரு சத்தம் வரும், டிங்குனு. அவ்வளவுதான், இருபத்தோரு வரிசையும் எந்திரிச்சு வழியில நின்னுரும். மூட்டைய இறக்குவான், போன் பேசுவான், நகர மாட்டான். நாம இருபத்திரண்டு. இருபது நிமிசம் இதுக்குள்ளயே போயிரும்.” சோணைமுத்து மனதில் கழித்தார். கழித்ததும் மிச்சம் வந்தது போதவில்லை. “எல்லாரையும் ஒக்காரச் சொன்னா என்ன?” என்றாள் ரூபாதேவி. ஆரோக்கியசாமி கண்ணைத் திறந்தார். “நீ புதுசும்மா. பம்பாய்க்காரன் பெத்த தாய்க்கே ஒக்காந்து எடம் விட மாட்டான்.” “கேட்டுத்தான் பாருங்களேன். டயர் விக்கிறவருக்கு வாய் இல்லையா?” அவர் சிரித்தார். வயிறு குலுங்கியது. தலைக்கு மேலே இருந்த பித்தானை அமுக்கினார்.

வேண்டாம் என்று சொல்ல சோணைமுத்து கையைத் தூக்கினார், தூக்கிய கை அப்படியே நின்றது. பணிப்பெண் வந்தாள். ஆரோக்கியசாமி இந்தியில் பேசினார். அவள் குனிந்து கேட்டாள், இவரைப் பார்த்தாள், மேலே இருக்கும் பெட்டியைப் பார்த்தாள், போனாள். முன்னால் திரைக்குப் பின்னால் போய் மறைந்தாள். என்ன சொல்லியிருப்பார். இந்தியில் கோடிக்கு என்ன சொல். இருக்காது. சேலை என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு சேலைக்காக இத்தனை பேரையும் உட்கார வைக்கிறானே என்று நினைப்பார்கள். உடம்பு கூசியது. எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றின மாதிரி. ஆறாவது வெயில் வந்தது, முழங்காலில் நின்றது, கடைசித் தடவை மாதிரி ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஜன்னல் வெளுத்தது, கறுத்தது, கண்ணாடியில் தண்ணீர் பின்னோக்கி ஓடியது. காது அடைத்தது. ரூபாதேவி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். வளையல் எல்லாம் ஒரே சத்தமாக நடுங்கியது. பயமா தாயி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் கையைக் கைப்பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார், தொடாமல், ஒரு வெற்றிலைக்காம்பு இடைவெளியில். தரை வந்து முட்டியது. பத்து ஐம்பத்திரண்டு. கழித்தால் பத்து ஐம்பது.

ஓடி ஓடி நின்றது. நிற்பதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் பணிப்பெண்ணின் குரல் வந்தது. இங்கிலீஷ், பிறகு இந்தி. இருபத்திரண்டு என்ற எண் மட்டும் இங்கிலீஷில் அவருக்குத் தெரியும், பஸ் நம்பர். அது இரண்டு தடவை வந்தது. சில தலைகள் திரும்பின. அவர் தன் செருப்பைப் பார்த்தார். மழை இறக்கையின் மேல் விழுகிற சத்தம். பிறகு டிங் என்று அந்தச் சத்தம். இப்போது எழுவார்கள். இப்போது. ஒரு பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம், இரண்டு, பத்து, ஒரு கவுளி பெல்ட்டு. யாரும் எழவில்லை. முன்னால் எங்கேயோ கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து மேலே கையை நீட்டினார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாள் அவர் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. “எந்திரிங்க பெருசு, படம் பாக்கவா வந்தீங்க” என்று ஆரோக்கியசாமி எழுந்து வழிவிட்டார், பெட்டியைத் திறந்து பையை எடுத்தார். மாப்பிள்ளை பெண் படம் போட்ட பை. அதை ஒரு கையால் தரவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவரும். “மெதுவாப் போங்கய்யா. தரை ஈரமா இருக்கும்” என்றாள் ரூபாதேவி.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். துக்கத்துக்குப் போகிறவன் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்ல முடியவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழி ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் முழங்கால்கள் உள்ளே இழுக்கப்பட்டன. இப்படி ஒரு வழி தனக்காக எந்த ஊரிலும் திறந்ததில்லை. கால் மரத்திருந்தது, பாத்ரூம் பயம் எங்கேயோ போய்விட்டது. எல்லோர் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது, பார்க்காமல் போகவும் முடியவில்லை. ஆகவே எண்ணினார். அவருக்குத் தெரிந்தது அதுதான். வலது கைப் பெருவிரல் விரல் கணுக்களில் தானாக ஏறி இறங்கியது. ரூபாதேவி ஒன்று, ஆரோக்கியசாமி இரண்டு, வழிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஐந்து. இருபத்தோராம் வரிசையில் ஆறு பேர். இருபதில் ஐந்து, ஒரு இடம் காலி. குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, அந்தக் குழந்தையை எண்ணுவதா, அதற்குத் தனி இடம் இல்லை, எண்ணவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக் கை இல்லை, பை இருந்தது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவன் நிமிரக்கூட இல்லை. ஆனால் உட்கார்ந்துதான் இருந்தான், அவனும் உண்டு. ஒன்பதாம் வரிசையில் கழுத்தில் புதுச் சங்கிலி போட்ட ஒரு பையன் பின்னால் எட்டிப் பார்த்து யாரிடமோ சைகை செய்துகொண்டிருந்தான், அவன்தான் மாப்பிள்ளையாக இருக்கும். ஐந்தாம் வரிசையில் நூறு நிறைந்தது. இடது கைச் சுண்டுவிரலை மடக்கினார், கவுளிக்குக் குறுக்கே வெற்றிலை வைப்பது போல. கோட்டுக்காரர் தலையைக் குனிந்திருந்தார். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள், அவள் பாஷையில். கதவுக்கு வந்தபோது எண்ணிக்கை நூற்றுப்பதினெட்டில் நின்றது. மறுபடி ஒருதடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நூற்றுப்பதினெட்டு. ஒன்றைக்கூடக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது இரட்டைப்படை. கதவின் விளிம்பில் கால் ஒரு கணம் தடுக்கி நின்றது. இரட்டைப்படை கூடாதே. பிறகுதான் தன்னைச் சேர்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கூண்டு மாதிரி நீண்ட பாதையில் பாதி தூரம் வந்திருப்பார், சட்டைப்பையில் போன் அடித்தது. பதினொன்று ஏழு. கழித்தால் பதினொன்று ஐந்து. தவமணி. “மாமா, வாசல்லயே நிக்கிறேன். போயிரலாம், கவலைப்படாதீங்க. வண்டி ஒண்ணு போதும்ல?” ஒன்று போதும் என்றார். அங்கே ஏதோ சலசலத்தது. வீட்டிலிருந்து இன்னொரு போனில் யாரோ பேசுகிறார்கள், அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறான் போல. பாப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. “சின்னண்ணே. வந்துட்டியா?” வந்துட்டேன் பாப்பா. அவருக்குத் தெரியும் அடுத்தது என்னவென்று. வெற்றிலைக்காரச் சனத்தில் பிறந்தவள் அவளும். “ஒத்தையாவாண்ணே வந்த?” கண்ணாடிச் சுவரில் மழை வழிந்துகொண்டிருந்தது. பின்னால் விமானக் கதவிலிருந்து இப்போதுதான் காலடிச் சத்தங்கள் கிளம்பி வந்தன, சக்கரப் பெட்டிகள் உருண்டன, இந்தி, இங்கிலீஷ், தெரியாத பாஷைகள், எல்லாம் சேர்ந்து அவர் முதுகை நோக்கி நடந்து வந்தன. கால் வலித்தது. ரொம்ப வலித்தது. மடக்கிய சுண்டுவிரலை அவர் இன்னும் நிமிர்த்தவில்லை.

“இல்ல பாப்பா” என்றார். “நூத்திப் பத்தொம்பது பேர் வந்தோம்.”